வெறும் பை

அன்புள்ள ஐயா,

என் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. கம்பஸ் போகக்கூடிய பிள்ளை. இப்போது தொழில்முறைக் கோல்ஃப் ஆடப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அதில் நிலையான வருமானம் உண்டா? வெளிநாட்டுப் பயிற்சி தேவையா? இது பணக்காரர் விளையாட்டு, அல்லது ஆடுபவர்களுக்கு வெறும் மட்டைப் பை தூக்கித் திரிந்தவர்கள் முன்னேறப் பார்க்கும் வழி. எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சரிவருமா?

ஒரு தகப்பன், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

நிலையான வருமானம் கிடையாது. போட்டி பெரும்பாலும் நான்கு நாள். இரண்டாம் நாள் மாலை கோடு கிழிப்பார்கள். கோட்டுக்குக் கீழே நின்றவர் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். விமானச் சீட்டு, அறை வாடகை, கூட வருபவரின் கூலி எல்லாம் அதற்குள் செலவாகியிருக்கும். வெளிநாட்டுப் பயிற்சியை விடுங்கள். பையன் இப்போது எப்படி ஆடுகிறான் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே.

ஆனால் அந்த "வெறும்"? இரண்டு நாளாக அது என்னை உறுத்துகிறது. பை தூக்குபவருக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் "கேடி" என்று வந்து தொலைக்கிறது. நீங்களும் அந்தப் பொருளில்தான் பார்க்கிறீர்கள் போல. 1991இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் பை தூக்கியவர். 2009இல் அதே கிண்ணத்தை எடுத்த பெங்களூர் முனியப்பாவும் பை தூக்கியவர். அமெரிக்காவின் பெரும் ஆட்டக்காரர்களான பென் ஹோகனும் பைரன் நெல்சனும் சிறுவர்களாக ஒரே மைதானத்தில் பை சுமந்தார்கள். அந்தப் பைக்குள் 14 மட்டை வரை இருக்கும். எந்த இடத்தில் எதை எடுக்க வேண்டும் என்பதைத் தோளில் சுமந்தே படித்தவர்கள் அவர்கள். உங்கள் மகன் எந்த டியூட்டரியில் அதைப் படிப்பான்?

சின்ன வயதில் நாங்கள் பொரளையில் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். களனிவெளி ரயில் அங்கே கோல்ஃப் மைதானத்தின் ஊடாகவே போகும். சன்னலோரம் இருந்தால் ஒரு நிமிடம் கொழும்பு மறைந்து புல் மட்டும் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணன் அங்கே பை தூக்கினார். வலது தோளில் வார் பதிந்த இடம் கறுத்துத் தடித்திருக்கும். ஒருநாள் நான் அவரைக் கேட்டேன், உங்களைப் போலவே கொஞ்சம் இளக்காரமாக: "பந்து எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பேசவில்லை. எங்கள் வாளியில் ஒரு குவளை தண்ணீர் மொண்டு சிமெந்து முற்றத்தில் ஊற்றினார். எனக்குச் சமதரையாகத் தெரிந்த இடத்தில் தண்ணீர் நெளிந்து மதிலோரம் ஓடியது. "பாத்தீங்களா தம்பி, பந்தும் அந்தப் பக்கம்தான். நான் செருப்பக் கழட்டிட்டு நடந்தாலே பாதம் சொல்லிரும்."

2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் நம் அனுர ரோகண கோல்ஃபில் வெள்ளி எடுத்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வந்தது.

மகன் விடயம்: பரீட்சையை எழுதட்டும். ஞாயிறுகளில் யாருக்காவது 18 குழிக்கும் பை சுமக்கட்டும். முதுகு வலிக்குது என்று நின்றுவிட்டால் உங்கள் கவலை தீர்ந்தது. நிற்காவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

அன்று அம்மா வெளியே வந்து கத்தினா: "குழாயடியில ஒரு மணித்தியாலம் நின்னு புடிச்ச தண்ணிப்பா அது!" அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.