பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இத்தனை ஆய்வுகள் எதற்கு?

கேள்வி கேட்ட நீங்கள் அநேகமாகக் கடைசி வருடத்தில் ஆய்வுத் தலைப்புத் தேடும் ஒரு பிள்ளையின் தாயோ தகப்பனோவாக இருப்பீர்கள். ஒருவர் சிறுநீரக நோயை ஆராய்கிறார், இன்னொருவர் கிராமத்துச் சொற்களைப் பொறுக்குகிறார், இரண்டுக்கும் பட்டமா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் 'பொறுக்குகிறார்' என்ற சொல் எனக்குச் சுட்டுவிட்டது.

நான் வவுனியா வடக்கில் வயல் செய்கிறவன், ஏ.எல். வரைதான் படித்தேன். ஆய்வு முறை தெரியாமல் கதைக்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

முதலில் வந்தவர்கள் கிணற்றுத் தண்ணீர் எடுக்க வந்தார்கள். 1990களில் பதவியா, மதவாச்சிப் பக்கம் தெரியவந்த அந்தச் சிறுநீரக நோய் எங்கள் மாவட்டத்திலும் இருக்கிறது. புளோரைட், தண்ணீரின் கடினத்தன்மை, பூச்சிமருந்து, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பலதையும் பார்க்கிறார்கள். இதுதான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. எங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது கரண்டியால் சுரண்டினாலும் போகாது. வந்த தம்பி போத்தலைக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசி, கழுத்து முட்ட நிரப்பி, மூடியைத் துடைத்து, நாளும் நேரமும் இலக்கமும் எழுதினார். அவ்வளவு கவனம்.

அடுத்த மாரிக்குப் பிறகு தமிழ் படிக்கிற பிள்ளை ஒன்று வந்தது. குளத்தோடும் வயலோடும் சேர்ந்த சொற்கள் வேண்டுமாம். அப்பா திண்ணையில் இருந்து துருசு, வான், அலைகரை, களவெட்டி, பொலி என்று சொல்லச் சொல்ல, பிள்ளை போனில் பதிந்தது. வான் என்றால் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். "பிள்ளை, பழைய வான் இப்ப இருக்கிற இடத்தில இல்லை. பாலை மரத்துக்குத் தெற்கால பாய்ஞ்சது" என்று அப்பா வேறு கதைக்கும் போய்விட்டார். நான் அறுவடை மெசின்காரரைப் பிடிக்க அலைந்துகொண்டிருந்த நாள் அது. உங்களைப் போலத்தான் நானும் நினைத்தேன், இதெல்லாம் ஒரு படிப்பா என்று.

அப்பா காலமாகி இரண்டு வருடத்தில் குளத்தைத் திருத்த வந்தார்கள். பழைய வான் எங்கே இருந்தது என்று கமக்கார அமைப்புக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். பிள்ளை எனக்கு அனுப்பிவைத்த பதிவை எடுத்துப் போட்டேன். அப்பாவின் இருமலோடு அந்தக் குரல் வந்தது, கூட்டம் அடங்கிவிட்டது. போய்ப் பார்த்தால் பாலை மரம் இல்லை, அடிக்கட்டை கிடந்தது. அதற்குத் தெற்கே புல்லை விலக்கினால் கல் அடுக்கு. அதை மட்டும் வைத்து முடிவெடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், பொறியியலாளரும் மட்டம் பிடித்துப் பார்த்தார். ஆனால் எங்கே பிடிப்பது என்று காட்டியது அந்தப் பதிவுதான்.

மன்னார்ப் பக்கம் பழைய துறைமுகமான மாந்தையில் 2009, 2010இல் தொல்லியல்காரர் கிண்டியபோதும் இப்படித்தான். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்து வந்த கரிந்த விதைகளை எடுத்தார்கள். அதில் ஏறத்தாழ ஆயிரம் வருடம் பழைய ஒரு கராம்பு இருந்தது. அந்தக் காலத்தில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அதைக் கராம்பு என்று சொல்லத் தாவரம் தெரிந்தவர் வேண்டும், வயது சொல்லக் கரிமத்தை அளக்கிறவர் வேண்டும், கப்பல் எந்த வழியால் வந்தது என்று சொல்ல வரலாறு தெரிந்தவர் வேண்டும். இவர்களில் யாரைச் சம்பந்தமில்லாதவர் என்று விலக்குவீர்கள்?

எனக்கு இருக்கிற கோபம் வேறு. எங்களிடம் எடுத்துப் போவது எங்கள் மொழியில் எங்களிடம் திரும்பி வருவதில்லை. போன வருடம் யானை உளுந்தை மிதித்துப் போட்டதற்கு ஒரு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினேன், பதில் சிங்களத்தில் வந்தது. அதை வாசிப்பிக்க டவுனுக்குப் போய் அரை நாள் வேலை கெட்டது. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும்.

சரி, உங்கள் பிள்ளை எந்தத் தலைப்பை எடுத்தாலும் எடுக்கட்டும். முடிவை மட்டும் கொண்டுவந்து அந்தந்த வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் கிணற்றுப் போத்தலில் எழுதிய இலக்கம் 14. அப்பாவுக்கும் சிறுநீரகம்தான் பழுதானது. அந்த 14க்கு நேரே என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.