யார்க்கில் சிப்ஸ் வாங்கும் முன் கேட்க வேண்டியது

கேள்வி: ஜூலையில் மகனின் பட்டமளிப்பு விழாவுக்காக இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் போகிறோம். நான்கு நாள் தங்கல். மனைவி சுத்த சைவம், முட்டையும் ஆகாது. நான் மீனும் கோழியும் சாப்பிடுவேன். மாட்டிறைச்சி மட்டும் தொடமாட்டேன். "சிப்ஸும் சாண்ட்விச்சும் வைத்தே ஓட்டிவிடலாம்" என்கிறார்கள் நண்பர்கள். டிராவல்ஸ்காரரோ நான்கு இரவுக்கும் 'இந்தியன் டின்னர்' கூப்பன் இப்போதே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கூப்பன் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் சொன்ன அந்த சிப்ஸ்தான் முதல் ஆபத்து.

யார்க் இருப்பது யார்க்‌ஷர் பகுதியில். அங்கே சிப்ஸ் என்றால் நம்மூர் மெல்லிய வறுவல் அல்ல, விரல் பருமனில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. அதைப் பொரித்த மீனோடு விற்கும் மீன்-சிப்ஸ் கடைகள் பலவற்றில் பொரிப்பது எண்ணெயில் அல்ல, மாட்டுக் கொழுப்பில். 'பீஃப் டிரிப்பிங்' என்பார்கள். மொறுமொறுப்பும் வாசனையும் அதில்தான் வரும் என்று பெருமையாகவே போர்டில் எழுதி வைக்கும் கடைகளும் உண்டு. லண்டனில் பெரும்பாலும் தாவர எண்ணெய் என்பதால், அங்கே சாப்பிட்டுப் பழகியவர்கள் "சிப்ஸ் உருளைக்கிழங்குதானே" என்று தைரியம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டாரா? சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதில் கடுகு இருக்கிறது, எள் இருக்கிறது, செலரி இருக்கிறது. மாட்டுக் கொழுப்பு இல்லை. கடுகு சேர்த்ததை மறைத்தால் குற்றம், மாட்டுக் கொழுப்பில் பொரித்ததைச் சொல்லாமல் இருந்தால் ஒன்றுமில்லை! சைவம் என்று பொய் சொல்லி விற்றால் நடவடிக்கை எடுக்கலாம்தான், ஆனால் 'வெஜிடேரியன்' என்ற சொல்லுக்கே அந்நாட்டுச் சட்டத்தில் வரையறை கிடையாது. நம்மூர் பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி கட்டாயம். அங்கே மெனுவில் போடும் 'வி' என்ற எழுத்து கடைக்காரர் தரும் வாக்கு, அவ்வளவே. எத்தனை முறை எழுதினாலும் அதிகாரிகளிடமிருந்து வருவது "வாடிக்கையாளர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்" என்ற ஒரே பதில்.

ஆகவே கேளுங்கள். "இது வெஜிடேரியனா?" என்று கேட்காதீர்கள், கவுன்டரில் நிற்கும் பையன் உருளைக்கிழங்கை மனதில் வைத்துக்கொண்டு "யெஸ்" என்பான். "எந்தக் கொழுப்பில் பொரிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்: "வாட் டு யூ ஃப்ரை இன்?" இந்தக் கேள்விக்கு மழுப்ப முடியாது.

யார்க்கிலும் தாவர எண்ணெய்க் கடைகள் கிடைக்கும். அப்படி ஒன்று அமைந்தால் உங்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது, மனைவிக்குத் தீரவில்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எண்ணெய் தாவரமாக இருந்தாலும் அதே சட்டியில்தான் சற்று முன் மீன் பொரிந்திருக்கும். "தனிச் சட்டி இருக்கிறது" என்றால் அடுத்த கேள்வி: அள்ளும் கரண்டியும் தனியா? சிப்ஸை முதலில் அரைவேக்காடாகப் பொரித்து வைக்கும் கடைகள் உண்டு. அந்த முதல் பொரிப்பு எந்தச் சட்டியில்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் வாங்குங்கள். கூட்ட நேரத்தில் யாரும் இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்லப் போவதில்லை. மனைவிக்கு அந்தக் கடையே வேண்டாம் என்பேன்.

அவருக்கு எளிய வழி, எங்கு போனாலும் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை மறந்துவிட்டு 'வேகன்' என்று கேட்பது. அங்கே வெஜிடேரியனில் முட்டை சேர்த்தி. வேகனில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. டீக்குப் பால் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கை 'ஜாக்கெட் பொட்டேட்டோ' என்று, தக்காளிச் சாற்றில் வேகவைத்த பீன்ஸ் விதைகளோடு தருவார்கள், வயிறு நிறையும். வெண்ணெய் வைக்கட்டும், சீஸ் என்றால் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேராததா என்று கேட்க வேண்டியிருக்கும். யார்க்‌ஷர் புடிங் என்பது மாவைக் கரைத்துச் சுடும் பண்டம், அதில் முட்டை உண்டு. ரோஸ்ட் உருளைக்கிழங்கிலும் கிரேவியிலும் இறைச்சிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம்.

ஷாம்பிள்ஸ் தெருவுக்கு எப்படியும் போவீர்கள், படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஒரு காலத்தில் அது முழுக்கக் கசாப்புக் கடைத் தெரு. பக்கத்திலேயே உள்ள சந்தையில் உணவுக் கடைகள் இருக்கின்றன, சமைப்பவரிடமே நேராகக் கேட்கலாம்.

இனி கூப்பன். டிராவல்ஸ்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வரும் உணவகத்துக்குத்தான் கூப்பன் இருக்கும். இங்கிலாந்தின் 'இந்தியன்' உணவகங்களில் பெரும்பாலானவை வங்கதேசத்தவர் நடத்துபவை. சமையல் நன்றாகவே இருக்கும், ஆனால் உங்கள் மனைவி நினைக்கும் சைவம் வேறு. பஜ்ஜிக்கும் கோழி பக்கோடாவுக்கும் ஒரே எண்ணெய். நானில் முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு. நான் ஆலோசனை சொன்ன ஒரு குழுவுக்கு 'ப்யூர் வெஜ்' என்று விற்ற கூப்பனைக் கொண்டுபோனால், அசைவ பஃபேயின் ஓரத்தில் இரண்டு தட்டு. பணம் திரும்பி வரவே இல்லை.

சில இடங்களில் பில்லில் சேவைக் கட்டணம் 10 அல்லது 12.5 சதவீதம் சேர்ந்திருக்கும். 'டிஸ்க்ரெஷனரி' என்று எழுதியிருந்தால் கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர் முதல் அது முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கவனிப்பு நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். மது விற்கும் இடங்களில் குழாய்த் தண்ணீர் இலவசம், பாட்டில் வாங்கத் தேவையில்லை.

பட்டமளிப்பு வாரத்தில் நல்ல உணவகங்களில் மேசை கிடைக்காது. உங்கள் மகனையே மெனுவைப் பார்த்து, வேகன் பதார்த்தங்களைக் கேட்டு உறுதிசெய்து, விழா இரவுக்கு இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏழு மணிக்குள் உட்காருவது போல நேரம் வாங்கட்டும். ஒன்பதுக்குள் அடுப்பை அணைத்துவிடும் இடங்கள் நிறைய.