ஊசியும் ஊரும்: ஒரு கடிதமும் பதிலும்

ஐயா,

எச்.ஐ.வி. பற்றிய உங்கள் கட்டுரையில், கிருமி ஒன்றுதான் என்றாலும் அது எல்லோரையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை என்று எழுதி, வறுமை, போதை, சிறை என்று அடுக்கிக்கொண்டே போனீர்கள். நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உடலுறவு, இரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தை என இது பரவும் வழிகள் நான்கு என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன். இதில் வறுமை எங்கே வருகிறது? தனிமனிதன் ஒழுக்கமாக இருந்தால் வராத நோய்க்குச் சமூகத்தைக் கூண்டில் ஏற்றலாமா? மருந்தும் இலவசமாகக் கிடைக்கும்போது ஏற்றத்தாழ்வு எப்படி வரும்?

கே.எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள கே.எஸ்.,

வழிகள் நான்குதான். வறுமையை ஐந்தாவதாக நான் சேர்க்கவில்லை. அந்த நான்கில் எது எந்த ஊரில் திறந்து கிடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) ஆஸ்டின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 4,200. 2004 முதல் 2013 வரை அந்தக் கவுண்டியில் பதிவான எச்.ஐ.வி. தொற்றுகள் ஐந்தே ஐந்து. 2014 நவம்பரில் தொடங்கிய பரவலில் ஓராண்டுக்குள் 181 பேருக்குத் தொற்று உறுதியானது. பத்தாண்டுகள் கட்டிக்காத்த ஒழுக்கத்தை ஓர் ஊர் ஒரே ஆண்டில் தொலைத்துவிட்டது என்று சொல்வீர்களா?

அங்கே புழங்கியது ஓபானா என்ற வலி மாத்திரை. மருத்துவர் சீட்டில் கிடைக்கும் சரக்குதான். பொடித்து மூக்கில் உறிஞ்சுகிறார்கள் என்று 2012இல் நிறுவனம் அதன் வடிவத்தை மாற்றியது. உறிஞ்ச முடியாதவர்கள் கரைத்து ஊசியில் ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நான்கு முதல் பதினைந்து முறை வரை. சில வீடுகளில் மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்கார்ந்து ஏற்றிக்கொண்டதாக நோய்ப்பரவல் அறிக்கைகள் சொல்கின்றன. புது ஊசி கொடுக்கலாம் என்றால், பழையதை வாங்கிக்கொண்டு புதியதைத் தரும் ஊசிப் பரிமாற்றத் திட்டத்துக்கு மாநிலச் சட்டம் இடம் தரவில்லை; போதைக்காக ஊசி வைத்திருப்பதும் குற்றம். ஆகவே ஒரே ஊசி கை மாறியது. பக்கத்து ஊரான ஸ்காட்ஸ்பர்கில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த சிகிச்சையகம் 2013இல் மூடப்பட்டிருந்தது. வேலையும் இல்லை, காப்பீடும் இல்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி. எச்.ஐ.வி. கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதுவும் இருந்தது. அதே ஊசி வழியாக வரும் நோய் அது. பொதுவாக எச்.ஐ.வி.யை முந்திக்கொண்டு வரும். நீங்கள் களப்பணியில் இருந்தவர், அது எப்பேர்ப்பட்ட முன்னறிவிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 மார்ச்சில் ஆளுநர் மைக் பென்ஸ் அவசரநிலை அறிவித்து ஊசிப் பரிமாற்றத்தை அனுமதிப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

மானுடவியலாளர் மெரில் சிங்கர் 1990களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரின் ஏழைப் பகுதிகளில் வேலை செய்தபோது கண்டதும் இதைத்தான். போதையும் வன்முறையும் எய்ட்ஸும் அங்கே தனித்தனியாக இல்லை. ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போட்டது. அதற்குச் சிண்டெமிக் என்று பெயர் வைத்தார். பிறகு வந்த ஆய்வாளர்கள் பலர், ஒருவருக்கு எத்தனை பிரச்சினைகள் என்று எண்ணிக் கூட்டுவதையே ஆய்வாக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. எண்ணினால் போதாது, ஒன்று மற்றதை எப்படி மோசமாக்குகிறது என்று காட்ட வேண்டும். அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். காசநோயில் அதைக் காட்ட முடிகிறது. உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமி, மற்றவர்களில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது விழித்துக்கொண்டால், சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. உள்ளோருக்கு ஏறக்குறைய அதே அளவு ஆபத்து ஆண்டுதோறும் வருகிறது. காசநோய்க்கென்று தொடங்கிய நமது தாம்பரம் சானடோரியம், 2004இல் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து கொடுத்த முதல் மையங்களில் ஒன்றானது தற்செயல் அல்ல.

ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் மக்கள்தொகையில் எட்டில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோரே கறுப்பினத்தவர். ஆண்டுதோறும் புதிதாகத் தொற்று கண்டறியப்படுவோரில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு அவர்கள் இருக்கிறார்கள். கறுப்பின ஓரினச்சேர்க்கை ஆண்களைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆபத்தான நடத்தை அவர்களிடம் மற்ற ஓரினச்சேர்க்கை ஆண்களைவிட அதிகம் இல்லை, சிலவற்றில் குறைவு என்றே தெரிந்தது. வருமானமும் காப்பீடும் குறைவு, சிறைக்குப் போனவர்கள் அதிகம், மருந்து எடுத்துக்கொள்வோர் குறைவு. மருந்து எடுக்காதவர் உடலில் கிருமி அடங்குவதில்லை. சின்ன வட்டத்துக்குள் கிருமி அடங்காதவர்கள் அதிகம் இருந்தால், ஒருவருடைய ஒரே ஒரு உறவுக்கும் ஆபத்து கூடுகிறது. உங்கள் பாடம் அவருக்குத் தெரியாமல் இல்லை, ஐயா. அதே நடத்தைக்கு அவர் கொடுக்கும் விலைதான் வேறு.

கடைசியாக, இலவச மருந்து. ஆஸ்டினில் மருந்து வாங்கக் காப்பீடு வேண்டும். காப்பீட்டுக்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது பலரிடம் இல்லை. போய் வாங்கக் காரும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, பரிசோதனைக்கும் ஊசிப் பரிமாற்றத்துக்கும் அருகிலேயே சான்றிதழும் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். புதிய தொற்றும் வெகுவாகக் குறைந்தது. சமூகத்தைக் கூண்டில் ஏற்றலாமா என்று கேட்டீர்களே, அங்கே யார் பொறுப்பை யார் தட்டிக்கழித்தார்கள் என்று நீங்களே பாருங்கள்: 2021 ஜூனில், ஊசி கொடுப்பது போதைக்கு உடந்தையாகாதா என்ற பழைய கேள்வி திரும்ப எழுந்தது. கவுண்டியை நிர்வகிக்கும் மூன்று ஆணையர்களில் இருவர் திட்டத்தை மூட வாக்களித்தார்கள்.