அம்மாவின் நாற்காலி வாசலுக்கே போகட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. அல்சைமர் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. எதைக் கேட்டாலும் ‘அது... அது’ என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை பணம் கட்டி, சென்னையில் உள்ள பேச்சுப் பயிற்சியாளரை ஆன்லைனில் ஏற்பாடு செய்திருக்கிறாள். வாரம் இரண்டு நாள், நான் கடை அடைத்து வந்தபின் இரவு 7 மணிக்கு 45 நிமிடம். என் மனைவி கூட உட்காருகிறாள். மூன்று மாதமாகியும் படத்தைப் பார்த்து ஐந்து பெயர்கூட அம்மா சொல்வதில்லை. காலையில் மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) விற்க வரும் மொகிங்காக்காரம்மாவிடம் மட்டும் பர்மிய மொழியில் ஏதேதோ பேசுவார். தப்பும் தவறுமாகப் பேசுவதைக் கேட்டுத் தெருவில் சிரிப்பார்கள் என்று இப்போது முன்வாசலில் உட்கார வைப்பதில்லை. ஆன்லைன் பயிற்சி பலன் தருமா, நேரில் ஆள் பார்க்கலாமா?
— பெயர் வேண்டாம், யாங்கோன்

பதில்: தம்பி, ஆன்லைனா நேரிலா என்பதைப் பிறகு பார்க்கலாம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த மொகிங்காக்காரம்மா, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் அம்மா தானாக வாய் திறந்து பேசிய ஒரே இடம் அந்த வாசல். அதை மூடிவிட்டு, பேச்சு வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அங்கே ஏன் பேச்சு வந்தது? தினமும் அதே நேரம், அதே முகம், அதே நாலு வரி. ‘சா பீபீலா’ (சாப்பிட்டாச்சா) என்று அவர் கேட்டால் இவர் பதில் சொல்வார், கிண்ணம் நீளும், காசு மாறும். வாசனையும் கையசைவும் சேர்ந்து வார்த்தையை இழுத்து வருகின்றன. பழகிப்போன முகமன், வரிசையாகச் சொல்லும் எண், கிழமை, தாலாட்டு போன்றவை இந்த நோயில் பலருக்கு நெடுநாள் தாக்குப்பிடிப்பவை. படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது முதலில் தோற்கும் வேலை. மூன்று மாதமாக அம்மாவைத் தோற்கும் பரீட்சைக்கு உட்கார்த்தி வைத்திருக்கிறீர்கள், அதுவும் இரவு 7 மணிக்கு! மறதி நோயுள்ள பலருக்குப் பொழுது சாயும்போதுதான் குழப்பம் கூடும். அந்த நேரம் உங்கள் கடைக்கு வசதி. அவருக்கு எது வசதி என்று யாராவது கேட்டீர்களா?

பயிற்சியைக் காலைக்கு மாற்றுங்கள். சென்னை நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். இங்கே 10 மணி என்றால் அங்கே 9. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, கரண்ட் இருக்கும் வேளையைப் பிடியுங்கள். போன் வேண்டாம், டேப்லெட்டோ லேப்டாப்போ கண் உயரத்தில் இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. பயிற்சியாளரின் வாயசைவு தெரியாவிட்டால் பாதிப் பயன் போச்சு. தனி ஸ்பீக்கர் ஒன்று வாங்குங்கள், டிவியை அணையுங்கள். 45 நிமிடம் அதிகம், 25 அல்லது 30 போதும். அதற்கெல்லாம் முன்னால் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, காது கேட்கிறதா, கண்ணாடி சரியானதா, பல்செட் ஆடுகிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமலே பல வீடுகளில் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறார்கள்.

பயிற்சியாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா. இன்னொன்று, ஆப்பிள், ரயில் அட்டைகளை விட்டுவிட்டு அம்மாவின் சொந்தப் பொருள்களை எடுக்க முடியுமா. தனக்கா (முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து), லோஞ்சி (பர்மிய லுங்கி), கண்ணாடி, பேரன் பெயர், தண்ணீர், வலி, கழிப்பறை என்று பத்துப் பதினைந்து சொல் போதும். எந்தச் சொல் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் விடுங்கள். தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. வருடக்கணக்காகத் தெருவோடும் சந்தையோடும் பேசிய மொழி அவருக்கு அந்நியமா என்ன?

கற்றுக்கொடுக்கும்போது ஊகிக்க விடாதீர்கள். தப்பான பதில் மனதில் படிந்துவிடும். ‘கண்ணாடி எங்கே? மேசை டிராயரில்’ என்று நீங்களே சொல்லி, உடனே திருப்பிச் சொல்ல வையுங்கள். 30 விநாடி கழித்து அதே கேள்வி. பிறகு 1 நிமிடம், 2, 4, 8. இடையில் வேறு பேச்சு பேசுங்கள். தவறினால் திட்டாமல் பதிலைச் சொல்லி, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். சாதாரணப் பேச்சிலோ முறை வேறு. கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். வரவில்லையா, ‘காபியா, டீயா’ என்று இரண்டைக் காட்டிக் கேளுங்கள். ‘நான் யார் சொல்லுங்க பார்ப்போம்’ என்ற கேள்வி உங்கள் வீட்டில் இனிக் கேட்கக் கூடாது.

இந்த வேலையை 45 நிமிடப் பயிற்சியாளர் செய்ய முடியாது. வீட்டில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். மொழி மட்டும் முதலில் தேயும் வகை மறதி நோய்க்காக அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தொடங்கிய ‘கம்யூனிகேஷன் பிரிட்ஜ்’ என்ற இணையவழிப் பயிற்சி ஆய்விலும் நோயாளியோடு வீட்டார் ஒருவரைச் சேர்த்தே பயிற்சி தந்தார்கள். உங்கள் வீட்டில் பணம் தங்கையுடையது, உட்காருவது மனைவி. பெற்ற பிள்ளை என்ன செய்கிறீர்கள், மேற்பார்வையா? வாரத்தில் ஒரு வகுப்புக்காவது கடையைத் தாமதமாகத் திறங்கள்.

ஆள் மாற்றுவதால் மட்டும் எதுவும் மாறாது. போன பேச்சு திரும்பாது. இருப்பதை எத்தனை நாள் பயன்படுத்துவது என்பதுதான் கணக்கு. ஆகவே பேச்சு இருக்கும்போதே ஒரு படப் புத்தகம் செய்யுங்கள்: பக்கத்துக்கு ஒரு புகைப்படம், கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி, அம்மா சொன்ன வார்த்தையிலேயே. ஒருநாள் திடீரென்று பேச்சு மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பக்கவாதமாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கலாம், அன்றே டாக்டரிடம் போங்கள்.

நாளைக் காலை நாற்காலி முன்வாசலுக்குப் போகட்டும். சிரிக்கிறவர்களிடம் ‘அம்மாவுக்கு மறதி நோய்’ என்று ஒரே வரியில் சொல்லுங்கள். மொகிங்காக்காரம்மாவிடமும் சொல்லி, மெதுவாகப் பேசி, பதிலுக்குக் காத்திருக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது அம்மா இருமுகிறாரா, குரல் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் ஈரமாக மாறுகிறதா என்று பாருங்கள். நூடுல்ஸும் தண்ணீர்க் குழம்பும் சேர்ந்த உணவு விழுங்கக் கடினம். இருமல் இருந்தால் மொகிங்காவை நிறுத்தி வைத்துப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். விழுங்குவதும் அவர் துறைதான். ஆனால் அந்த வாசல் பேச்சை நிறுத்த வேண்டாம். இருமல் இல்லையென்றால், மொகிங்காவில் போடும் பொரித்ததை அந்தம்மா நறுக்கும் கத்தரிக்கோலாலேயே நூடுல்ஸையும் சின்னதாக நறுக்கித் தரச் சொல்லுங்கள். காசை அம்மா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.