பிழைக்குள் இருக்கும் முன்னேற்றம்: ஆரம்ப வகுப்புப் பெற்றோருடன் ஒரு கேள்வி பதில்

இலங்கையின் வடக்கே வன்னியின் ஆரம்பப் பாடசாலைகளில் 34 ஆண்டுகள் கற்பித்தும், அவற்றுள் இறுதிப் பகுதியில் ஆசிரிய ஆலோசகராக வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கியும் ஓய்வுபெற்றவள் நான். தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் புள்ளியை மட்டும் பாராமல் எப்படி இனங்காண்பது, எப்படிக் கொண்டாடுவது என்பதைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். எந்தப் பாடசாலையில் இடம் கிடைக்கும், எந்த ரியூஷன் நல்லது என்ற கேள்விகளை அனுப்பாதீர்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு தாய்: ரீச்சர், மகன் தரம் 4. கணிதத்தில் முதலாம் தவணையிலும் 64, இரண்டாம் தவணையிலும் 64. பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறான், இதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று தகப்பன் கேட்கிறார். நான் என்ன சொல்வது?

அம்மா, இரண்டாம் தவணையில் வந்த கணக்குகள் முதலாம் தவணையில் வந்தவை அல்ல, அவை கடினமானவை. மேட்டில் ஏறும்போதும் சைக்கிளை அதே வேகத்தில் மிதிக்கின்ற ஒருவனை நின்றுவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்த விளக்கம் தகப்பனுக்குப் போதாது. அவருக்குக் கண்ணால் காண ஏதாவது வேண்டும். ஆகவே மகனுடைய கணிதக் கொப்பியை எடுத்து, தொடக்கத்தில் ஒரு பக்கத்தையும் இப்போது எழுதிய ஒரு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது என்பதற்கு நான் பலமுறை கண்ட ஓர் உதாரணம் சொல்கிறேன். வருடத் தொடக்கத்தில் 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னால் பிள்ளை 35 என்று எழுதுவான். 2 இலிருந்து 7 போகாது என்பதால், 7 இலிருந்து 2 ஐக் கழித்து 5 என்று போட்டுவிட்டு நகர்ந்திருப்பான். சில மாதங்கள் கழித்து அதே பிள்ளையிடம் 403 இலிருந்து 158 ஐக் கழிக்கக் கொடுத்தால் 255 என்று எழுதுவான். இதுவும் பிழை, சரியான விடை 245. ஆனால் இந்தப் பிழையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 3 இலிருந்து 8 போகாது என்று இப்போது அவனுக்குத் தெரிகிறது. நூறில் ஒன்றை உடைத்துப் பத்துகளாக்கினான், அந்தப் பத்துகளில் ஒன்றை உடைத்து ஒன்றுகளுக்குக் கொடுத்து 13 ஆக்கினான், 13 இலிருந்து 8 ஐச் சரியாகக் கழித்தான். ஒரு பத்தைக் கொடுத்த பின்னர் மீதி ஒன்பது பத்துகள்தான் என்பதை மட்டும் மறந்துவிட்டான். இரண்டு விடைகளுக்கும் கிடைத்தது அதே சிவப்புப் பேனையின் பிழைக்குறிதான். முதலாவது பிழை கழித்தல் விளங்காத பிள்ளையின் பிழை, இரண்டாவது கழித்தல் விளங்கிய பிள்ளையின் தவறுதல். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் புள்ளி அறியாது. அந்தத் தூரத்தைத் தகப்பன் மகனைக் கூப்பிட்டு இருத்திக் காட்டினால், அன்றைக்கு வேறு கொண்டாட்டம் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் வேலையில் எதைச் சேர்த்து வைத்தாலும் திகதி போட்டு வையுங்கள். திகதி இல்லாத பக்கம் எதற்கும் சாட்சியாகாது.

விசுவமடுவிலிருந்து ஒரு தகப்பன்: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் 200 இற்கு 150 எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாக மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். சரியா?

பாடசாலை தூரமென்றால் சைக்கிளை இன்றைக்கே வாங்கிக் கொடுங்கள். பிள்ளைக்குத் தேவையான பொருளைப் பரிசு என்று பெயரிட்டுப் பிடித்து வைக்காதீர்கள். 1973 இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு முன்பள்ளியில், படம் வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், ஓரிரு வாரங்கள் கழித்துச் சும்மா விட்டபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. ஆகவே பரிசு கொடுப்பதில் குற்றமில்லை. பேரம் பேசுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மம்மா: பேத்தியை "நீ கெட்டிக்காரி" என்று சொல்லித்தான் வளர்க்கிறேன். அதுவும் பிழை என்கிறார்களே பிள்ளை?

அம்மா, நீங்கள் அன்பாகச் சொல்வது பேத்திக்குத் தெரியும், பயப்பட வேண்டாம். ஆனால் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை "கெட்டிக்காரர்" என்றும் சிலரை "முயன்று செய்தீர்கள்" என்றும் பாராட்டிவிட்டுப் பின்னர் கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். கெட்டிக்காரர் என்று கேட்டவர்கள் விரைவில் சோர்ந்தார்கள். தங்கள் புள்ளியை எழுதச் சொன்னபோது அவர்களில் ஏறக்குறைய 40 வீதத்தினர் கூட்டி எழுதினார்கள். பட்டத்தைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்ல வேண்டியதாகிறது. "நேற்று 'ழ' எழுத்தைத் தலைகீழாக எழுதினாய், இன்றைக்கு நான்கு தரமும் சரியாக எழுதியிருக்கிறாய்" என்று சொல்லிப் பாருங்கள். அதைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லத் தேவையில்லை.

புளியங்குளத்திலிருந்து ஒருவர்: மகள் வகுப்பில் 7 ஆம் இடம். அவளை முதல் மூன்றுக்குள் கொண்டுவர என்ன செய்யலாம்?

இது முன்னேற்றத்தைப் பற்றிய கேள்வி அன்று. மற்ற ஆறு பிள்ளைகளைப் பற்றிய கேள்வி.

பூநகரியிலிருந்து ஓர் ஆசிரியை: தரம் 2 இல் எனக்கு 31 பிள்ளைகள். பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் காட்ட விரும்புகிறேன். செலவுக்குப் பணமில்லை.

தங்கச்சி, பணம் தேவைப்படாது. கூட்டத்தில் நீங்கள் பேசும் நேரத்தைக் குறைத்து, பிள்ளைகளைப் பேச விடுங்கள். நான் ஒருமுறை செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் அல்லது தகப்பனுக்குப் பக்கத்தில் பாயில் இருந்து, தொடக்கத்தில் திக்கித்திணறி வாசித்த அதே பந்தியை மீண்டும் வாசிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது. மகன் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து வாசித்து வந்தவன், "குளக்கட்டு" என்ற சொல்லில் நின்று, "அம்மா, இது முந்தி எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு அதை இரண்டு தரம் வாசித்தான். அந்தத் தாய் அந்தச் சொல் இருந்த இடத்தைத் தன் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் புள்ளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கொப்பியில் குறிப்பு எழுதும்போது, அதற்குப் பக்கத்தில் புள்ளியைப் போடாதீர்கள். 1988 இல் றூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் 5 ஆம், 6 ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களோ, புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். பிள்ளையின் கண் முதலில் இலக்கத்துக்குப் போகிறது. போனால் திரும்பி வராது. குறிப்புக்குக் கீழே திகதி போட மறக்க வேண்டாம்.

கனகராயன்குளத்திலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 9 வயது. கரும்பலகையில் இருப்பதைப் பிழையாகவே பார்த்து எழுதுகிறான், எழுத்துகள் இடம் மாறுகின்றன. இதையும் முன்னேற்றம் என்று கொண்டாடலாமா?

முதலில் வைத்தியசாலையில் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்ணில் குறை இல்லையென்றால், வகுப்பாசிரியர் ஊடாக வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். இது நான் எழுத்தில் பார்த்துச் சொல்லக்கூடிய விடயம் அன்று, தாமதிக்க வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு கணித ஆசிரியர்: நீங்கள் சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது ரீச்சர். ஆனால் புள்ளிக்கு அப்பால் கொண்டாடுங்கள் என்பது வசதியுள்ளவர்களின் பேச்சு. கூலி வேலைக்குப் போகின்றவரின் பிள்ளைக்குப் புள்ளியைத் தவிர ஏணி ஏது? நான் மாலை நேர வகுப்பு நடத்துகிறேன்; அதை மறைக்கவில்லை.

தம்பி, இதுவரை வந்த கேள்விகளில் மிக நேர்மையானது உங்களுடையது. ஆகவே முழுமையாகப் பதில் எழுதுகிறேன்.

ஏணி என்று நீங்கள் சொல்வது உண்மை. 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது, ஏழைக் கிராமத்துப் பிள்ளை மத்திய கல்லூரியின் விடுதியில் தங்கிப் படிப்பதற்கான வழியாகத்தான் புலமைப்பரிசில் வைக்கப்பட்டது. இன்றும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த உதவிப்பணம் பெரிது. 2009 இல், போரால் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளம் முகாம்களில் இருந்தும் எங்கள் பிள்ளைகள் அந்தப் பரீட்சையை எழுதினார்கள். அந்த வருடம் வீடும் நகையும் வயலும் விட்டு வந்த சனம் பிள்ளையின் சான்றிதழ்களை மட்டும் பொலித்தீனில் சுற்றிக் கொண்டு வந்ததை நானும் கண்டவள். புள்ளியை இழிவாகப் பேசும் உரிமை எனக்கு இல்லை, பேசவும் இல்லை.

ஆனால் வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாவதற்கு வேண்டிய குறைந்த புள்ளி, என்பது சிலரைத் தெரிவுசெய்வதற்காகவே போடப்படுவது. எல்லோரும் நன்றாகச் செய்தால் வெட்டுப்புள்ளியும் மேலே போகும். தெரிவு செய்வது பரீட்சையின் வேலை. அதை அது செய்யட்டும். பாராட்டும் வேலையையும் ஏன் அதனிடமே கொடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. உங்கள் வகுப்பில் பயிற்சித்தாளில் 200 இற்கு 40 எடுத்த ஒரு பிள்ளை, பரீட்சையில் 68 எடுத்திருப்பான். அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவர நீங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். "70 புள்ளிகளுக்கு மேல் பெற்றோர்" என்று சந்தியில் கட்டப்படும் பதாகைக்குத் தெரியாது.

அதற்கு ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய்: ரீச்சர், என்னுடைய மகள் அந்த 68 தான். பதாகை கட்டிய நாளிலிருந்து சந்தியால் போகாமல் குளக்கட்டுப் பாதையால் சுற்றிப் போகிறாள்.

அம்மா, அந்தப் பதாகை மழையில் வெளிறும் வரைக்கும் அவள் சுற்றிப் போகட்டும், வற்புறுத்த வேண்டாம். தரம் 3 இல் அவள் எழுதிய கொப்பி ஏதாவது வீட்டில் இருந்தால் இன்றிரவு எடுத்து அவளிடம் கொடுங்கள், ஒன்றும் சொல்லாமல். தானே வாசித்துச் சிரிப்பாள்.

ஒரு பழைய மாணவர் சங்கத்தின் சார்பில் ஒருவர்: பதாகைக்குப் பணம் தருவது வெளிநாட்டில் இருக்கின்ற எங்கள் உறவுகள். அது ஊக்கம். எல்லோருக்கும் பரிசு கொடுக்க வெளிக்கிட்டால் பரிசுக்கு மதிப்பு ஏது?

எல்லோருக்கும் பரிசு கொடுக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? அதை உங்களைவிட நான் கடுமையாக எதிர்க்கிறேன். இளம் ஆசிரியையாக இருந்தபோது வகுப்பில் அத்தனை கொப்பிகளிலும் "மிக நன்று" என்று எழுதித் தள்ளினேன். ஒரு பெடியன் கொப்பியைக் கொண்டுவந்து, "ரீச்சர், இதை வாசிச்சனீங்களா?" என்று கேட்டான். வாசிக்கவில்லை. தாய் காய்ச்சலில் கிடந்ததைப் பற்றி எழுதியிருந்தான். பொய்ப் பாராட்டைப் பிள்ளை முதல் பார்வையிலேயே பிடித்துவிடும்.

நான் கேட்பது பரிசை அன்று, கவனத்தை. உறவுகள் பணம் தர விரும்பினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டைக் கோவை வாங்கித் தரட்டும். தவணைக்கு இரண்டு வேலைகள், பிள்ளை தானே தெரிந்தெடுத்து, ஏன் தெரிந்தெடுத்தேன் என்று ஒரு வரி எழுதி, திகதி போட்டு அதில் வைக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து அதைத் திறந்து பார்க்கும் பிள்ளை யாரோடும் தன்னை ஒப்பிட மாட்டான். முந்தைய தன்னோடுதான் ஒப்பிடுவான்.

மீண்டும் கிளிநொச்சி ஆசிரியர்: கோவை நல்லது. ஆனால் பெற்றோர் என்னிடம் கேட்பது இலக்கத்தைத்தானே?

அப்படியென்றால் இரண்டு இலக்கங்களைச் சொல்லுங்கள் தம்பி: வந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு. அதையாவது நீங்கள் தொடங்கினால் நான் இவ்வளவு எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும். பதாகை விடயத்தில் இனிக் கேள்வி எடுக்க மாட்டேன். இன்னும் பதினொன்று வந்திருக்கிறது, எல்லாம் ஒன்றுதான்.

மாங்குளம், தர்மபுரம், வற்றாப்பளை எனப் பல இடங்களிலிருந்து: என்ன பரிசு வாங்கலாம்? நட்சத்திர ஸ்ரிக்கர் ஒட்டலாமா? புள்ளியறிக்கையை முகநூலில் போடலாமா?

பரிசைப் பற்றி விசுவமடுத் தகப்பனுக்கு எழுதியதை வாசியுங்கள். ஸ்ரிக்கர் ஒட்டுங்கள், ஆனால் எதற்கு ஒட்டினீர்கள் என்று பிள்ளைக்குச் சொல்ல முடிய வேண்டும். புள்ளியறிக்கை பிள்ளையுடையது, முகநூலில் போட வேண்டாம்.

மல்லாவித் தாய் மீண்டும்: ரீச்சர், கொப்பி கிடைத்தது. தகப்பனும் பார்த்தார். ஆனால் ஒரு பக்கத்திலும் திகதி இல்லை.

அது கணிதக் கொப்பி. தமிழ்க் கொப்பியையும் எடுங்கள். பொங்கலைப் பற்றி எழுதிய பக்கம் நிச்சயமாக இருக்கும், அதை வைத்துக் காலத்தைக் கணக்கிடலாம். இன்றைய பக்கத்தில் திகதியை மகனே எழுதட்டும்.