ஞாயிறு ஆட்டமும் சம்பளப் போராட்டமும்

கேள்வி: தேயிலைத் தோட்டத்துச் சுவிசேஷ சபையொன்றில் வாலிபர் ஐக்கியத்தை நடத்தி வருகிறேன். எங்கள் வாலிபரில் இருவர் ஞாயிறு ஆராதனையை விட்டு மென்பந்து கிரிக்கெட் ஆடப் போகிறார்கள். அதில் ஒருவர் மட்டையில் ‘பிலிப்பியர் 4:13’ என்று எழுதி வைத்திருக்கிறார். வேறு மூவர் சம்பள உயர்வுப் போராட்டத்தில் பதாகை பிடித்து நின்றார்கள். எரிக் லிடெல் ஞாயிறு என்பதற்காக ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டுக்கொடுத்தார். “நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது” என்று வேதம் சொல்கிறது. ஐவரையும் பொறுப்புகளிலிருந்து நீக்க வேண்டும் என்கிறேன், போதகர் தயங்குகிறார். விசுவாசிக்கு விளையாட்டும் அரசியலும் எதற்கு?
– வாசகர் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: உங்கள் போதகர் தயங்குவது சரி. ஆராதனைக்கு வராத இருவரைக் குறித்த உங்கள் மனவருத்தத்தில் நியாயம் உண்டு. போராட்டத்தில் நின்ற மூவரைக் குறித்து நீங்கள் சொல்வதில் நியாயம் எதையும் நான் காணவில்லை. ஆகவே அவர்களைப் பற்றி முதலில் எழுதுகிறேன்.

பரலோகக் குடியிருப்பைப் பற்றி நீங்கள் எடுத்துக்காட்டிய வசனம் பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதியது. அந்தச் சபை உண்டான விதத்தை அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பவுலும் சீலாவும் அடிக்கப்பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் துதித்துப் பாடியதையும், பூமி அதிர்ந்ததையும், சிறைச்சாலைக்காரன் குடும்பத்தோடு இரட்சிக்கப்பட்டதையும் நாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். பெரும்பாலும் அத்தோடு நிறுத்தியும் விடுகிறோம். மறுநாள் காலையில் நடந்ததை யாரும் பிரசங்கிப்பதில்லை. விடுதலையாகிப் போகலாம் என்று அதிகாரிகள் சேவகர் மூலம் சொல்லி அனுப்பியபோது பவுல் போக மறுத்தார். “ரோமராகிய எங்களை அவர்கள் நியாயம் விசாரியாமல், வெளியரங்கமாய் அடித்து, சிறைச்சாலையிலே போட்டார்கள்” என்று முறையிட்டு, அவர்களே வந்து தங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அதிகாரிகள் பயந்து, நேரில் வந்து வேண்டிக்கொண்டார்கள். தாம் போன பின் அந்த ஊரில் தங்கி வாழவேண்டிய புதிய விசுவாசிகளை எண்ணியே அவர் அவ்வளவு உறுதியாக நின்றார் என்று நான் நினைக்கிறேன். பிற்பாடு எருசலேமில் வாரினால் கட்டப்பட்டபோதும் அதே ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார்; செசரியாவில் இராயனுக்கே அபயமிட்டார். பரலோகக் குடியிருப்பைப் பற்றி எழுதிய கை, பூலோகக் குடியுரிமையை ஒருநாளும் உதறிவிடவில்லை.

இந்த வசனத்தை மலையகத்தில் நின்றுகொண்டு எடுத்தாளும்போது நமக்கு இன்னும் கூடுதலான பொறுப்பு இருக்கிறது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் நம் மக்களை நாடற்றவர்களாக்கின. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை காத்திருந்தது. பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வர 2003 ஆயிற்று. பிறந்த மண்ணில் குடியுரிமை இல்லாமல் செத்துப்போன தாத்தாமார் நம் சபைக் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம், பரலோகத்தில் இடம் இருப்பதால் பூமியில் உரிமை கேட்கக்கூடாது என்று சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. அந்நாளில் நமக்காகப் பேசியவர்களில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர். இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் காங்கேசன்துறையின் பிரதிநிதியான அவர், மலையக மக்களின் உரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்துத் தம் கட்சியை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அரசியல் வேண்டாம் என்று நாம் எப்போதும் இருந்ததும் இல்லை. 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது அது உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நம் சபைகள் அதற்காக உபவாசித்து ஜெபித்தன. மதச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையை நாம் அன்று நன்றியோடு பற்றிக்கொண்டோம். ஜெபக்கூடத்தின் உரிமைக்காகச் சட்டத்தை நாடுவது விசுவாசம் என்றும், கொழுந்து பறிக்கும் தாயின் கூலிக்காகப் பதாகை பிடிப்பது உலகப்பற்று என்றும் பிரிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

கூலியைப் பற்றி வேதம் மௌனமாக இருக்கிறதா? யாக்கோபு 5:4 சொல்கிறது: “இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது.” மாலையில் கொழுந்து நிறுவைக்கு நிற்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோக்கள் கழிக்கப்படுவதையும், கேட்ட நிறை எட்டாத நாளில் அரைநாள் சம்பளமான ‘அரைப்பேர்’ விழுவதையும் அவர்கள் சொல்வார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021இலும் 1,350 ரூபாயாக 2024இலும் சம்பளச் சபை வழியாக உயர்ந்ததென்றால், அதற்குப் பின்னால் பல வருடப் போராட்டம் இருக்கிறது. அந்த உயர்வைச் சபையிலுள்ள எல்லோரும் வாங்கினார்கள். தசமபாகம் செலுத்தியவர்கள் அதிலிருந்தும் செலுத்தியிருப்பார்கள். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ இங்கே எடுத்துக் காட்டுவீர்களானால், அதை எழுதியவரும் பிலிப்பியில் அதிகாரிகளை வரவழைத்த அதே பவுல்தான் என்பதை மறவாதிருங்கள்.

இனி விளையாட்டு. எரிக் லிடெலை நானும் மதிக்கிறேன். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் தகுதிகாண் ஓட்டம் ஞாயிறன்று வந்ததால் அவர் அதில் ஓடவில்லை. பல மாதங்களுக்கு முன்பே அது தெரிந்திருந்ததால் 400 மீற்றருக்குப் பயிற்சி எடுத்து, 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். இதை நீங்கள் அறிவீர்கள். அவருடைய கடைசி வருடங்களையும் அறிந்துகொள்ளுங்கள். சீனாவில் மிஷனரியாக இருந்த அவரை 1943இல் ஜப்பானியர் வெய்சியென் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். முகாமிலிருந்த பிள்ளைகளுக்கு அவர் விளையாட்டு ஒழுங்குசெய்து கொடுத்தார். ஞாயிறன்று மட்டும் அதைச் செய்யவில்லை. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹொக்கி ஆடி, நடுவர் இல்லாததால் சண்டையில் முடித்தார்கள். அடுத்த ஞாயிறு லிடெலே நடுவராக மைதானத்துக்கு வந்து நின்றார். ஒலிம்பிக் பதக்கத்துக்காகக்கூட மாற்றாத வழக்கத்தை, அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் ஒருவரோடொருவர் அடித்துக்கொள்ளாதபடிக்கு மாற்றினார். 1945 பெப்ரவரியில் அந்த முகாமிலேயே காலமானார். அவர் பெயரைச் சொல்லி வாலிபரைத் தள்ளிவைப்பதற்கு முன் இந்த இரண்டாம் ஞாயிறையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

விளையாட்டு, விசுவாசம், அரசியல் ஆகிய மூன்றும் ஒரே மனிதரில் சேர்ந்திருந்ததற்கு டேவிட் ஷெப்பர்ட் சாட்சி. கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது மனந்திரும்பியவர்; இங்கிலாந்துக்காகத் துடுப்பெடுத்தாடியவர்; குருப்பட்டம் பெற்றவர். 1960இல், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் அணிக்கு எதிராக ஆட மறுத்தார். பின்னாளில் லிவர்பூல் பேராயராகி, வேலையற்றோருக்காகவும் ஏழைகளுக்காகவும் குரல் கொடுத்தார்.

மட்டையில் எழுதிய வசனத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்பது கட்டுண்டிருந்த ஒருவர், பசியையும் நிறைவையும் தாங்கக் கற்றுக்கொண்டதைச் சொல்லும் வாக்கியம். அதற்கு முந்தின வசனத்தை வாசித்தவர் அதை ஓட்டங்கள் குவிக்கும் மந்திரமாக எடுக்கமாட்டார். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். அவர் ஓர் இந்து. தேவன் யாரோடு இருக்கிறார் என்பதை ஓட்டப் பலகையில் தேடக்கூடாது என்பதை அந்தத் தம்பிக்கு அன்போடு சொல்லிக்கொடுங்கள்.

ஆராதனையை விடுவது தவறு. சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்று எபிரெயர் 10:25 தெளிவாகவே சொல்கிறது. ஆனால் ஆறு நாள் வேலை செய்பவருக்கு வேறு எந்த நாளில் ஆட்டம்? பிற்பகலில் மழை இறங்கிவிடும் என்றுதான் நம் பக்கத்தில் போட்டிகளைக் காலையில் வைக்கிறார்கள். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறுக்குப் பதிலாக, நிலவின் நாட்களைக் கொண்ட போயா விடுமுறை நடைமுறையில் இருந்தபோது ஞாயிறு வேலைநாளாகவே இருந்தது; அப்போதும் சபை அழிந்துவிடவில்லை. போட்டி உள்ள ஞாயிறுகளில் காலை ஆறரை மணிக்கு ஒரு சிறு ஆராதனை வைக்கப் போதகரிடம் பேசுங்கள். அதற்கும் அவ்விருவரும் வராவிட்டால், பொறுப்பைப் பற்றி அவர்களோடு தனியாகப் பேசலாம். மற்ற மூவர் மீதான உங்கள் யோசனையை அடுத்த கூட்டத்துக்கு முன்பே திரும்பப் பெற்று, அதை அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.