ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தின் வேர் ஃபுளோரன்ஸில் இருக்கிறதா?

அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்டு பிரபுக் குடும்பம் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்துக் கெரார்தினி குடும்பத்திலிருந்து கிளைத்தது என்று படித்ததாகவும், அது உண்மையா, அக்குடும்பத்தின் மூதாதையரை எவ்வளவு தொலைவு வரை உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதற்கேள்விக்கு என் பதில், உண்மை இல்லை என்பதே. இரண்டாவதற்கு, தந்தை வழியில் 1086-ஆம் ஆண்டு வரையிலும், அதற்கு மேல் ஒரே ஒரு பெயர் வரையிலும் உறுதியாகப் போகலாம். தாய் வழியில் போனால் இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லலாம். இந்தத் தாய் வழியைப் பெரும்பாலான பதில்கள் தொடுவதே இல்லை என்பதால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

டப்ளினுக்கு மேற்கே உள்ள மேநூத் என்ற ஊரில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தேன். அங்கே பல்கலைக்கழக வாயிலை ஒட்டி, கூரை இழந்த ஒரு கனத்த கற்கோபுரம் நிற்கிறது. ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தின் ஒரு கிளையான கில்டேர் பிரபுக்களின் கோட்டை அது. நாள்தோறும் அதைக் கடந்து போனதில்தான் இந்தக் குடும்பத்தின் கொடிவழியை நானே வரைந்து பார்க்கும் ஆவல் பிறந்தது. முதலில் வரைந்த கொடிவழி தவறாகப் போயிற்று. அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்தக் குடும்பத்தை ஆராயும் எவரும் முதலில் இடறும் இடம் அதுதான்.

‘ஃபிட்ஸ்’ என்பது நார்மன் பிரெஞ்சில் ‘மகன்’ என்று பொருள்படும் சொல். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் அது குடும்பப் பெயரன்று. தந்தையின் பெயரைச் சொல்வது, அவ்வளவுதான். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் வைத்துக்கொள்ளும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஜெரால்டின் மகன் மாரிஸ் என்றால் மாரிஸ் ஃபிட்ஸ் ஜெரால்டு. அந்த மாரிஸின் மகன் ஜெரால்டு என்றால் ஜெரால்டு ஃபிட்ஸ் மாரிஸ். அவருடைய மகனுக்குப் பாட்டனார் பெயரையே இட்டால் மறுபடியும் ஒரு மாரிஸ் ஃபிட்ஸ் ஜெரால்டு. 1176-இல் இறந்த மாரிஸும், 1257-இல் இறந்த அவருடைய பேரன் மாரிஸும் ஆவணங்களில் ஒரே பெயருடன்தான் வருகிறார்கள். நான் இருவரையும் ஒருவராக்கிவிட்டேன். அதனால் அயர்லாந்தில் படையுடன் வந்திறங்கியவரே அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டின் தலைமை நீதி அதிகாரியாகவும் இருந்தார் என்று ஆயிற்று. பெயரை நம்பாமல், ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ள ஆண்டையும் நிலத்தின் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு வரைந்தபோதுதான் கொடிவழி நேராயிற்று.

இனி வேருக்கு வருவோம். முதலாம் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின் 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கில், வின்சர் கோட்டையின் காவலரான ‘ஓதரின் மகன் வால்ட்டர்’ ஐந்து கவுண்டிகளில் நிலம் வைத்திருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அவருடைய மக்களில் மூத்தவரான வில்லியமுக்கு வின்சர் கோட்டைக் காவல் போயிற்று. அவர் வழியினர் வின்சர் என்ற பெயரையே கொண்டனர். மாரிஸ் என்ற மகன் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தின் நிர்வாகியானார். ஜெரால்டு என்ற இளைய மகன் வேல்ஸுக்குச் சென்று, ஆர்னல்ஃப் மான்ட்காமரி என்ற நார்மன் பிரபுவின் கீழ் பெம்புரோக் கோட்டையின் காவலரானார். இந்த ஜெரால்டின் பெயரைத்தான் ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பம் இன்றளவும் சுமக்கிறது.

ஃபுளோரன்ஸ் கதை இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது. கெரார்தினி என்ற பெயருக்கும் ‘ஜெரால்டினி’ என்று லத்தீனில் எழுதப்பட்ட அயர்லாந்துக் குடும்பப் பெயருக்கும் உள்ள ஒலி ஒற்றுமைதான் அந்தக் கதையின் முழு ஆதாரமும். ஆனால் அயர்லாந்துக் குடும்பத்துக்கு அந்தப் பெயர் கிடைத்ததே 1100-ஐ ஒட்டி வாழ்ந்த ஒரு தனி மனிதரால். அவருடைய தந்தை வால்ட்டருக்கோ, பாட்டனார் ஓதருக்கோ, கூடப் பிறந்தவர்களின் வழியினருக்கோ ஜெரால்டு என்ற பெயருடன் எந்தத் தொடர்பும் இல்லை. கெரார்தினி குடும்பத்திலிருந்து பெயரோடு வந்திருந்தால் வின்சரில் தங்கிய அண்ணன் வழியினரும் அதே பெயரால் அல்லவா அறியப்பட்டிருக்க வேண்டும்? இதைவிட வலுவான மறுப்பு தேவையில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் அந்தக் கதையை அந்தக் குடும்பத்தாரே மனமார நம்பினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1507-ஆம் ஆண்டு மே மாதம், அயர்லாந்திலேயே மிகுந்த அதிகாரம் படைத்தவராக இருந்த எட்டாம் கில்டேர் பிரபு, ‘பெரிய ஜெரால்டு’ எனப் பொருள்படும் கெரோட் மோர் என்று ஐரிஷ் மக்களால் அழைக்கப்பட்டவர், கேஸில்டெர்மட் என்ற ஊரிலிருந்து ஃபுளோரன்ஸ் கெரார்தினி குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர்களை அன்புச் சகோதரர்களே என்று விளித்து, நம் முன்னோர் செய்த செயல்களையும் நம் குலத்தின் தோற்றத்தையும் அறிய மிகவும் விரும்புகிறேன் என்று கேட்டு, உங்களிடம் இல்லாத வல்லூறோ குதிரையோ வேட்டை நாயோ வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன் என்றும் அதில் எழுதினார். முன்பின் பார்த்திராத மனிதர்களை உறவினர் என்று நம்பி, நாயும் பறவையும் தரட்டுமா என்று கேட்கும் அந்த வரியை முதன்முதலில் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. அதே கடிதத்தில் அவர், தம் முன்னோர் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்து வந்து, சில காலம் தங்கியபின் 1140-இல் அயர்லாந்தை அடைந்தார்கள் என்கிறார். உண்மையில் அவர்கள் வந்தது 1169-இல். தம் குடும்பத்தின் வருகையையே இருபத்தொன்பது ஆண்டு பிழையாகச் சொல்பவர், அதற்கும் பல தலைமுறை முன்பு நடந்ததாகக் கருதும் ஒன்றுக்குச் சாட்சியாக முடியாது. குடும்ப மரபுச் செய்தி என்பதற்காகவே ஒன்றை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்தக் கடிதத்தைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன்.

கதைகள் கிளைதோறும் இடம்மாறுவதற்கும் இதே குடும்பத்தில் உதாரணம் உண்டு. கில்டேர் குடும்பச் சின்னத்தில் ஒரு குரங்கு இருக்கிறது. தீப்பற்றிய கோட்டையிலிருந்து குழந்தையாக இருந்த வாரிசை வளர்ப்புக் குரங்கு தூக்கிக் காப்பாற்றியதாக அவர்கள் சொல்வார்கள். டெஸ்மண்ட் கிளையாரோ, 1261-இல் காலன் போரில் பாட்டனாரும் தந்தையும் ஒருசேர மாண்டபின் டிரலீயில் தனித்து விடப்பட்ட தங்கள் குழந்தை வாரிசைத்தான் குரங்கு தூக்கிச் சென்றது என்பார்கள். அந்தப் போரும் அந்த இரு சாவுகளும் வரலாறு. குரங்கை அப்படிச் சொல்ல முடியாது.

சரி, உறுதியானவை எவை? ஜெரால்டு மணந்தது நெஸ்ட் என்ற பெண்ணை. தென்மேற்கு வேல்ஸில் இருந்த தெஹைபார்த் நாட்டை ஆண்டு, 1093-இல் நார்மன்களோடு நடந்த சண்டையில் இறந்த ரீஸ் அப் டியூடர் மன்னரின் மகள் அவர். இவர்களுக்குப் பிறந்தவர்களில் வில்லியம் கேர்யூ கோட்டையை அடைந்தார்; மாரிஸ் அயர்லாந்துக் கிளைகளின் முதல்வரானார்; டேவிட் செயின்ட் டேவிட்ஸ் ஆயராக 1148 முதல் 1176 வரை இருந்தார்; ஆங்காரத் என்ற மகள் வில்லியம் டி பாரி என்பவரை மணந்தார். அந்த ஆங்காரத்தின் மகன்தான் லத்தீனில் அயர்லாந்துப் படையெடுப்பின் வரலாற்றை எழுதிய ஜிரால்டஸ். அதாவது, அயர்லாந்துக்குப் போன மாரிஸ் அவருக்குத் தாய்மாமன். பெம்புரோக் ஜெரால்டும் நெஸ்டும் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும்.

இந்த உறவை மனத்தில் இருத்தாமல் ஜிரால்டஸைப் படிக்கக் கூடாது. பெம்புரோக் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, உள்ளே உணவு தீர்ந்து நான்கு பன்றிகளே மிஞ்சியிருந்த நிலையில், தம் பாட்டனார் அவற்றைத் துண்டுபோட்டு மதிலுக்கு வெளியே பகைவரிடம் எறியச் செய்தார் என்றும், இன்னும் நான்கு மாதத்துக்கு உதவி தேவையில்லை என்று எழுதித் தம் முத்திரையிட்ட கடிதத்தை ஆயர் தங்கிய வீட்டருகே வேண்டுமென்றே தவறவிடச் செய்தார் என்றும், பகைவர் அதை நம்பிக் கலைந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். வீட்டில் பலமுறை சொல்லக் கேட்ட கதையின் மணம் அதில் இருக்கிறது. தம் தாய்வீட்டாரின் புகழ்பாடுகிறார் என்பதால் வீரத்தைக் குறைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஆனால் யார் யாருக்குப் பிறந்தார் என்ற செய்தியில் அவரைவிட நெருங்கிய சாட்சி கிடையாது. தாய்மாமன் பெயரைத் தவறாகச் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

அவரைச் சரிபார்க்க எதிர்த்தரப்புப் பதிவும் இருக்கிறது. வேல்ஸ் நாட்டு அரசர்களின் ஆண்டுக்குறிப்பு, 1109-இல் ஒவைன் அப் கதுகன் என்ற இளவரசன் கோட்டைக்குள் புகுந்து நெஸ்டையும் பிள்ளைகளையும் கவர்ந்து சென்றதையும், ஜெரால்டு கழிப்பறைத் துளை வழியே தப்பியதையும் சொல்கிறது. ஒவைன் 1116-இல் ஜெரால்டின் ஆட்களால் கொல்லப்பட்டான். பாட்டனாரைப் பற்றிப் பேரன் எழுத விரும்பாதவற்றைப் பகை நாட்டார் எழுதிவைத்ததால், மணமும் பிள்ளைகளும் காலமும் இரு பக்கத்திலும் ஒத்துப்போகின்றன. வம்சாவளி ஆய்வில் இப்படிப்பட்ட பொருத்தத்துக்குத்தான் நான் முதல் மதிப்பைத் தருவேன்.

நெஸ்டுக்கு ஜெரால்டைத் தவிர வேறு துணைகளாலும் பிள்ளைகள் உண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றிக்குப் பிறந்த ஹென்றி, கார்டிகன் கோட்டைக் காவலர் ஸ்டீபனுக்குப் பிறந்த ராபர்ட் ஃபிட்ஸ் ஸ்டீபன் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். 1169 மே மாதம் அயர்லாந்தின் பானோ கடற்கரையில் முதலில் இறங்கிய படைக்குத் தலைவர் இந்த ராபர்ட். அதே ஆண்டில் பின்தொடர்ந்து வெக்ஸ்ஃபர்டில் இறங்கியவர் மாரிஸ். அடுத்த ஆண்டு வந்த ரேமண்ட், கேர்யூ கோட்டையை அடைந்த வில்லியமின் மகன். தந்தை வழியில் பார்த்தால் ராபர்ட் வேறு குடும்பத்தார். தாய் வழியில் பார்த்தால் அனைவரும் நெஸ்டின் மக்களும் பேரன்மாரும். அந்தப் படையெடுப்பு ஒரு பெண்ணின் வழியினர் கூடி நடத்தியது என்பது தந்தைபெயர்ப் பட்டியலை மட்டும் வைத்திருப்பவர் கண்ணுக்குப் படவே படாது.

அயர்லாந்தில் மாரிஸின் மக்களிடமிருந்து கிளைகள் பிரிகின்றன. வில்லியமுக்கு நேஸ், ஜெரால்டுக்கு ஆஃபலி, தாமஸுக்கு ஷானிட் என நிலங்கள் சேர்ந்தன. ஆஃபலிக் கிளையிலிருந்து 1316-இல் கில்டேர் பிரபு பட்டமும், ஷானிட் கிளையிலிருந்து 1329-இல் டெஸ்மண்ட் பிரபு பட்டமும் வந்தன. அச்சிட்ட வம்சாவளிகள் ஆஃபலிக் கிளையை ஏதோ தந்தையிலிருந்து மகனுக்கு நேர்கோடாக வந்ததுபோல் காட்டுவதுண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1257-இல் இறந்த மாரிஸுக்கு முன்னரே மூத்த மகன் ஜெரால்டு இறந்துவிட்டார். பேரன் மாரிஸ் 1268-இல் ஐரிஷ் கடலில் மூழ்கி மாண்டார். அவருடைய மகன் ஜெரால்டு 1287-இல் வாரிசின்றி இறந்தபோது, சொத்து பங்காளியான ஜான் ஃபிட்ஸ் தாமஸுக்குப் போயிற்று. நம் முறைப்படி சொன்னால் சிற்றப்பா. குடும்பத்தில் ஆண் வாரிசில்லாத இன்னொரு கிளையின் பெண்ணான அமபிலியாவின் நிலப் பங்கையும் அவர் எழுதி வாங்கிக்கொண்டார். அந்த ஜானே முதல் கில்டேர் பிரபு. பட்டம் பெற்ற சில மாதங்களில், 1316 செப்டம்பரில், மேநூத்தை ஒட்டிய லாராப்ரையனில் இறந்தார்.

இத்தகைய நிலமாற்றங்கள்தான் உறவை நிறுவுகின்றன, ஏனெனில் நிலத்துக்கு உரிமை கோரும்போது ‘நான் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன்’ என்று நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும். வருத்தத்துக்குரிய செய்தி, அயர்லாந்தின் நீதிமன்றச் சுருள்களில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயிற்று. மிஞ்சியவை லண்டனுக்கு அனுப்பப்பட்ட படிகள், 19-ஆம் நூற்றாண்டில் அச்சான சுருக்கங்கள், கெரோட் மோர் தம் நிலப் பத்திரங்களைப் படியெடுக்கச் செய்த கில்டேர் செந்நூல் போன்றவை. எரிந்தவற்றின் படிகளைத் திரட்டி 2022-இல் தொடங்கப்பட்ட இணையக் கருவூலத்தை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நீங்கள் முதலில் திறக்க வேண்டியது அதுவே. ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெயர் இருப்பதாலேயே ஒருவர் பிரபு வழியினர் ஆகிவிடமாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர் நிலைபெறுவதற்கு முன் ஜெரால்டு என்ற எவருடைய மகனையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

ஓதருக்கு மேலே தந்தை வழியில் போக ஆவணமில்லை. அவரை இத்தாலியர் என்றும் நார்மன் என்றும் எழுதியவர்கள் ஊகத்தைத்தான் எழுதினார்கள். நெஸ்டின் பக்கம் திரும்பினால் பாதை நீள்கிறது. வேல்ஸ் நாட்டார் தங்கள் அரசர்களின் கால்வழியைப் பத்தாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்கள். நெஸ்டின் தந்தை ரீஸ், அவர் தந்தை டியூடர், பிறகு கதெல், எய்னியன், ஒவைன், அவருக்குத் தந்தை ஹைவெல் தா. வேல்ஸ் சட்டங்களைத் தொகுத்தவர் என்று போற்றப்படும் அந்த மன்னர் 950-ஐ ஒட்டி இறந்தார். அவர் பெயர் பொறித்து செஸ்டர் நகரில் அச்சடிக்கப்பட்ட வெள்ளிக் காசு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.